3608528850368400786036725 என்ற எண்ணில் அப்படி என்ன விசேஷம்?

இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். முதல் இரண்டு இலக்கம் 36, இரண்டால் வகுபடும். முதல் மூன்று 360, மூன்றால் வகுபடும். 3608 நான்கால், 36085 ஐந்தால், 360852 ஆறால் வகுபடும். 3608528-ஐ ஏழால் வகுத்தால் 515504, மீதி இல்லை. இப்படியே 25 வரை போகும். முழு எண் 25-ஆல் வகுபடுவது கடைசியில் இருக்கும் 25-ஐப் பார்த்தாலே தெரிந்துவிடும். 17, 19, 23 எல்லாம் கையால் போட்டுப் பார்க்கப் பொறுமை வேண்டும். சாதாரண கால்குலேட்டரில் இத்தனை இலக்கம் நிற்காது, பைத்தான் நிரல்மொழியில் போட்டுப் பாருங்கள்.

சரி, 26-வது இலக்கம் ஒன்றைச் சேர்க்க முடியுமா? பின்னால் ஒரு சுழியம் போட்டு 26-ஆல் வகுத்தால் மீதி 12 வருகிறது. மீதியில்லாமல் போக இன்னும் 14 வேண்டும். ஓர் இலக்கத்தால் கொடுக்க முடிந்தது அதிகபட்சம் 9தானே! அதோடு கதை முடிந்தது. 25 இலக்கத்தில் இந்தக் குணம் உள்ள எண் இது ஒன்றுதான், இதைவிடப் பெரியது கிடையவே கிடையாது.

எனக்குப் பிடித்தது இது ஏன் முடிந்துபோகிறது என்பதுதான். அடுத்த இலக்கத்துக்கு எப்போதும் பத்து வாய்ப்பு (0 முதல் 9 வரை). n-வது இடத்தில் n எண்களுக்கு ஒன்றுதான் வகுபடும். ஆக சராசரியாக 10/n வாய்ப்புகள் தேறும். n பத்துக்குக் கீழே இருக்கும்வரை இது ஒன்றுக்கு மேல், கூட்டம் பெருகும்: ஓரிலக்கத்தில் 9 எண்கள், ஈரிலக்கத்தில் 45, மூன்றில் 150, ஒன்பதில் 2492. பத்தாவது இடத்தில் சுழியம் மட்டுமே பொருந்தும் என்பதால் அங்கேயும் அதே 2492. அப்புறம் இறங்குமுகம்தான். 11 இலக்கத்தில் 2225, 20-இல் 44, 24-இல் 3, 25-இல் 1. மொத்தம் 20456 எண்கள்.

இந்தச் சராசரிக் கணக்கு எவ்வளவு கிட்டே வருகிறது என்று பாருங்கள். 9×10⁸-ஐ 9!-ஆல் (1 முதல் 9 வரை எல்லாவற்றையும் பெருக்கி வருவது) வகுத்தால் சுமார் 2480. உண்மையில் இருப்பது 2492. அதே கணக்கு 25 இலக்கத்துக்கு 0.58 என்கிறது, அதாவது இந்த எண் இல்லாமலே போயிருக்கலாம். தப்பிப் பிழைத்த ஆள் இது.

ஒன்றை மறைக்கக் கூடாது: இந்தப் பெருமை பத்தடிமானத்தில் (0 முதல் 9 வரை பத்து இலக்கங்களை வைத்து) எழுதுவதால் வருவது. பகா எண் எந்த அடிமானத்தில் எழுதினாலும் பகா எண்தான், இது அப்படியல்ல. அதனால் இதை ஆழமான கணிதம் என்று சொல்ல மாட்டேன், நல்ல விளையாட்டு என்பேன்.

கணினி இல்லாமல் விளையாட ஆசை இருந்தால் இதன் தம்பி 381654729 இருக்கிறது. 1 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் ஒரே முறை வந்து, இதே விதிக்கு உட்படும் எண் அது ஒன்றுதான். வேறெதுவும் இல்லை என்று காகிதத்திலேயே நிரூபிக்கலாம். நடுவில் 5 வந்தே தீரும், இரட்டைப்படை இடங்களில் இரட்டை இலக்கங்கள்தான் உட்காரும். அங்கிருந்து தொடங்குங்கள்.