பித்தளைத் தோட்டா உறைகளைப் புளி போட்டு விளக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கும் நான், பயிற்சிக் களத்தில் சுட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகளைச் சேர்த்துவைத்து, அவற்றில் மீண்டும் மருந்து நிரப்பப் பழகிவருகிறேன். கறுத்துப்போன உறைகளை, அம்மா குத்துவிளக்கை விளக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்க்கலாமா? கடையில் விற்கும் பித்தளை பாலிஷ் நல்லதா?
– ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: புளியால் கெடுதல் இல்லை, அஞ்ச வேண்டியது அம்மோனியா கலந்த பாலிஷுக்குத்தான். 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கொண்ட இந்தப் பித்தளை, உறையாக இழுத்து உருவாக்கப்படும்போது உள்ளுக்குள் இறுக்கத்தைத் தேக்கிக்கொள்கிறது. அதில் அம்மோனியா பட்டால் மயிரிழை போன்ற விரிசல் கண்டு, நாளடைவில் உறையே பிளந்துவிடும். இதைக் கண்டறிந்த வரலாறு நம் நாட்டோடு தொடர்புடையது. பிரிட்டிஷ் இந்தியாவில், குதிரை லாயங்களை ஒட்டி வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலம்தோறும் வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரக்காற்றும் சேர்ந்ததே காரணம் என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய ஆய்வாளர்கள் விளக்கினர். ஆகவே, புட்டியில் அம்மோனியா என்று எழுதியிருந்தால் அதை வாங்கவே வேண்டாம்.

புளியின் டார்டாரிக் அமிலம் கறையை எடுக்கும். ஆனால் அதன் சக்கை உறையின் கழுத்துக்குள் அடைத்துக்கொள்ளும் என்பதால், ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, அதில் பத்து நிமிடம் ஊறவைப்பதையே நான் விரும்புவேன். அதிக நேரம் ஊறினால் மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்து, பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, முழுவதும் உலர விடுங்கள். அவசரப்பட்டு அதிகச் சூட்டில் காயவைத்தால் அடிப்பகுதி இளகி, சுடும்போது எழும் அழுத்தத்தைத் தாங்காமல் போகும்.

வால்நட் ஓட்டுத் தூளில் உருட்டும் உலர்முறையும் உண்டு. ஆனால் பெரும்பாலான பிரைமர்களில் (உறையின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு குமிழ்) ஈயச் சேர்மம் இருப்பதால், அந்தத் தூசியில் ஈயமும் கலந்திருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்குள் அதைச் செய்யவே கூடாது. ஊறவைத்த நீரையும் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள்; வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள்.

கழுவியபின் ஒவ்வோர் உறையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கழுத்தில் கீறலோ, அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளக்கும் வளையமோ தெரிந்தால், அது மற்றவற்றோடு மறுபடி கலந்துவிடாதபடி குறட்டால் நசுக்கி ஒதுக்கிவிடுங்கள்.