அடிப்படை உரிமை போயிற்று, உரிமை போகவில்லை

கேள்வி: சொத்துரிமையை 1978லேயே அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களே. அரசு நிலத்தைக் கேட்டால் கொடுத்துவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. அரசியல் சட்டத்தில் சொத்துரிமை பற்றிய 31ஆம் பிரிவை நீக்கிய அதே 44வது திருத்தம்தான் 300ஏ பிரிவைச் சேர்த்தது. சட்டத்தின் அதிகாரமின்றி எவர் சொத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது அது. சொத்துக்காக நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகும் வழிதான் அடைபட்டது. 226ஆம் பிரிவின்கீழ் ஐகோர்ட்டுக்குப் போகலாம்.

இமாசலப் பிரதேசத்தில் 1967-68ல், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விதவையின் நிலத்தில் நஷ்டஈடு தராமலே சாலை போட்டார்கள். பின்னாளில் அவர் கேட்டபோது, ‘இத்தனை வருடம் எங்கள் அனுபவத்தில் இருக்கிறது, எங்களுக்கே பாத்தியம்’ என்று மாநில அரசு வாதாடியது. குடிமக்களின் நிலத்தைக் காக்க வேண்டிய அரசு பேசுகிற பேச்சா இது! 2020ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்காமல் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. 2024ல் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: நஷ்டஈடு தந்தால் மட்டும் போதாது, நோட்டீஸ், விசாரணை, காரணம் காட்டிய உத்தரவு எல்லாம் 300ஏ தரும் உரிமைகள்.

நம் ஆட்கள் கோட்டைவிடுவது கோர்ட்டில் அல்ல, நோட்டீஸ் வந்த கையோடு. முதலில் அது எந்தச் சட்டத்தின்கீழ் வந்தது என்று பாருங்கள். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டமானால் ஆட்சேபணைக்கு 60 நாள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டமானால் 21 நாள்தான். சர்வே எண், பரப்பு, கிணறு, மரம் எல்லாம் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்குங்கள். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது.

2013 சட்டத்தில் சந்தை மதிப்புக்கு முந்தைய மூன்று வருடக் கிரயப் பத்திரங்களையும் பார்ப்பார்கள். அவற்றில் விலை கூடிய பாதியின் சராசரிதான் கணக்கு. அக்கம்பக்கத்துப் பத்திர நகல்களை நீங்களே பதிவு அலுவலகத்தில் எடுத்துவையுங்கள். தொகை குறைவென்றால் ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதிவிட்டே வாங்குங்கள். எழுதாமல் வாங்கினால், கூடுதல் கேட்டு 64ஆம் பிரிவில் மனுப்போட முடியாது. தீர்வம், அதாவது நஷ்டஈட்டுத் தொகையை முடிவு செய்யும் உத்தரவு, சொல்லும்போது நீங்கள் ஆஜராகியிருந்தால் அந்த மனுவுக்கு ஆறு வாரமே கெடு.

இன்னொன்று: பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் நோட்டீஸும் அவர் பெயருக்கே போகும். இந்த வாரமே வாரிசுச் சான்றோடு பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுங்கள்.