கிளேர் மட்டுமா மறைத்தாள்?

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதால் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் நெல்லா லார்சனின் ‘பாசிங்’ நாவலைப் படித்தேன். கறுப்பினத்தில் பிறந்த கிளேர் தன் வெளுத்த நிறத்தால் வெள்ளைக்காரியாக வாழ்கிறாள். கறுப்பர்களை வெறுக்கும் கணவனிடம் பிறப்பை மறைக்கிறாள். கடைசியில் ஜன்னலிலிருந்து விழுந்து சாகிறாள். அவள் தோழி ஐரீனோ தன் மக்களோடு, நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெமில் வாழ்ந்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். சொந்த மக்களைக் கைவிட்ட கிளேர் மேல் எனக்கு இரக்கமே வரவில்லை. நான் எதையாவது தவறவிட்டேனா?

கவிதா

அன்புள்ள கவிதா,

இரக்கம் வராமல் போனதற்குக் காரணம் ஐரீன். நாவல் முழுக்க அவள் கண்வழியாகத்தான் நடக்கிறது. கிளேர் சுயநலக்காரி, ஆபத்தானவள் என்று நமக்குச் சொல்பவளும் அவள்தான்.

அவர்கள் பல வருடம் கழித்துச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். சிகாகோ, ஆகஸ்ட் மாதம், கொளுத்தும் வெயில். கறுப்பர்களை உள்ளே விடாத டிரேட்டன் ஓட்டலின் மொட்டைமாடியில் ஐரீன் டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து மேஜைப் பெண் உற்றுப் பார்த்ததும், கண்டுபிடித்துவிட்டாளோ என்று அவளுக்கு உதறல் எடுக்கிறது. பார்ப்பவள் கிளேர். அந்த நேரத்தில் இரண்டு பேருமே அங்கே வெள்ளைக்காரிகள்தான். இதை ஐரீன் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வதே இல்லை.

கிளேர் இந்தப் பொய்யைத் தானாகக் கற்றுக்கொள்ளவும் இல்லை. அப்பா இறந்தபின் அவளை வளர்த்தவர்கள் தகப்பன்வழி வெள்ளைக்காரப் பாட்டிகள். வீட்டு வேலையெல்லாம் வாங்கிக்கொண்டு, கறுப்பர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் மூச்சுவிடக்கூடாது என்று வாயை அடைத்தார்கள். பெல்யூவைக் கல்யாணம் செய்து வெளியேறியபோது அவள் அந்த ஏற்பாட்டைத்தான் தொடர்ந்தாள்.

பிறகு கிளேர் ஐரீனைத் தன் இடத்துக்கு அழைத்துத் தரும் டீ விருந்தை மறக்கவே முடியாது. பெல்யூ உள்ளே வந்து மனைவியை ‘நிக்’ என்கிறான். கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல்லின் சுருக்கம், அவனுக்குச் செல்லப்பெயர். கல்யாணத்தின்போது வெள்ளை லில்லி போல இருந்தாள், இப்போது கறுத்துக்கொண்டே போகிறாள் என்று கேலி பேசுகிறான். உட்கார்ந்திருக்கும் கிளேர், ஐரீன், இன்னொரு தோழி என மூன்று பெண்களுமே கறுப்பினத்தவர். ஐரீன் கண்ணீர் வர வர, நிறுத்த முடியாமல் சிரிக்கிறாள். இத்தனை பயங்கரமான சிரிப்பை நான் வேறெங்கும் படித்ததில்லை.

நாவல் வந்தது 1929இல். அதற்கு ஐந்து வருடம் முன்புதான், கறுப்பின ரத்தம் துளி கலந்தவரையும் வெள்ளையராகக் கொள்ளாத சட்டத்தை வர்ஜீனியா கொண்டுவந்தது. 1925இல் நியூயார்க் மாநிலத்தில், பணக்கார வீட்டுப் பிள்ளையான ரைன்லேண்டர், மனைவி ஆலிஸ் தன் இனத்தை மறைத்துவிட்டாள் என்று கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்டான். அவள் உடம்பின் நிறத்தைப் பார்க்க, ஜூரிகள் முன்னால் மேலாடையை விலக்கவைத்தார்கள். தெரியாமல் கட்டியிருக்க முடியாது என்று ஜூரிகள் ஆலிஸ் பக்கம் தீர்ப்பு சொன்னார்கள். ஆனால் அந்த அவமானம் அவமானம்தான். நாவலில் ஐரீனுக்கே இந்த வழக்கு நினைவுக்கு வருகிறது. லார்சனின் அம்மா டென்மார்க்கைச் சேர்ந்த வெள்ளைக்காரி. வெள்ளைக்கார மாற்றாந்தந்தை, தங்கை நடுவே நிறம் வேறான ஒரே பிள்ளையாக வளர்ந்தவர் அவர்.

‘சொந்த மக்களைக் கைவிட்டாள்’ என்கிறீர்கள். அவர்களோடு பழகத் தவித்துத்தானே கிளேர் திரும்பத் திரும்ப ஹார்லெம் வருகிறாள்! கணவனுக்குத் தெரிந்தால் என்ன செய்வாய் என்று ஐரீன் கேட்கும்போது, இங்கேயே வந்துவிடுவேன் என்கிறாள். ஐரீனுக்கு அதுதான் பயம். தன் கணவன் பிரையனுக்கும் கிளேருக்கும் உறவு என்று, கண்ணால் எதையும் பார்க்காமலே முடிவு கட்டியிருக்கிறாள். ஒரு நாள் ஐரீன் கறுப்பினத் தோழி ஒருத்தியோடு கைகோத்துப் போகும்போது பெல்யூ எதிரில் வந்து எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறான். அதைக் கிளேரிடம் ஐரீன் சொல்லவே இல்லை. ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம்.

கிளேர் விழுந்தாளா, தள்ளப்பட்டாளா என்று லார்சன் சொல்வதில்லை. விழும் முன் ஐரீனின் கை அவள் கைமேல் இருக்கிறது. எல்லோரும் கீழே ஓடியபின் தனியாக நிற்கும் ஐரீன், மெல்லப் படியிறங்குகிறாள். ஒருவேளை கிளேர் சாகாமல் இருந்தால் என்ற எண்ணத்திலேயே அவளுக்குக் குமட்டுகிறது.

அன்புடன்