புரோட்டானுக்கு நிறை எங்கிருந்து வருகிறது? துகள் இயற்பியல் கேள்வி பதில்

கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். என் வேலை வலுவிசையில். குவார்க்குகளைப் புரோட்டானுக்குள் கட்டிவைக்கும் விசை அது. கருந்துளை, காலப்பயணம், மறுபிறவி மூன்றும் என் எல்லைக்கு வெளியே. முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: உவமை சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை. உவமையை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

மின்மினி: ஹிக்ஸ் புலம் தேன் மாதிரி, அதில் நீந்தும் துகள்கள் மெதுவாவதுதான் நிறை என்று படித்தேன். சரிதானே சார்?

சரியில்லை. (சார் இல்லை, மேடம்.) தேனில் உருட்டிவிட்ட கோலி கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். எலக்ட்ரான் வெற்றிடத்தில் சீரான வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும், ஹிக்ஸ் புலம் அதை நிறுத்தாது. நிறை என்பது வேகத்தை மாற்றப் பார்த்தால் வரும் எதிர்ப்பு, வேகத்துக்கே எதிர்ப்பு அல்ல.

நடப்பது இதுதான். நியம மாதிரியின் (அடிப்படைத் துகள்களையும் அவற்றின் விசைகளையும் விளக்கும் கோட்பாட்டின்) மற்ற புலங்களுக்கு வெற்றிடத்தில் சராசரி மதிப்பு பூஜ்யம். ஹிக்ஸ் புலம் மட்டும் 246 ஜி.இ.வி. (ஆற்றலுக்கும் நிறைக்கும் நாங்கள் பயன்படுத்தும் அலகு: 1 ஜி.இ.வி. என்பது 1000 எம்.இ.வி., அதாவது 100 கோடி இ.வி.; இ.வி. என்றால் எலக்ட்ரான் வோல்ட்) என்ற மதிப்பில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு துகள் அந்தப் புலத்தோடு எவ்வளவு வலுவாகப் பிணைகிறதோ, அந்த எண்ணுக்கு ஏற்ப அதன் நிறை. குவார்க்குகளிலேயே கனமான டாப் குவார்க்குக்கு அந்த எண் கிட்டத்தட்ட 1. எலக்ட்ரானுக்கு அதில் சுமார் 3.4 லட்சத்தில் ஒரு பங்கு. ஏன் இந்த வித்தியாசம் என்று மாதிரி சொல்லாது. அளந்து உள்ளே போடுகிறோம்.

இன்னொன்று. புரோட்டானில் இரண்டு அப் குவார்க், ஒரு டவுன் குவார்க். மூன்றின் நிறையையும் கூட்டினால் சுமார் 9 எம்.இ.வி. புரோட்டானின் நிறையோ 938. ஆக உங்கள் உடம்பின் நிறையில் ஹிக்ஸ் தருவது 1 சதவீதம், அவ்வளவுதான்.

வால்மீன்: கடவுள் துகள் கடவுள் இருப்பதை நிரூபிக்கிறதா?

இல்லை. இல்லாததையும் நிரூபிக்கவில்லை. ஹிக்ஸ் துகளுக்கு அந்தப் பெயர் வைத்தது விற்பனைக்கு.

பழைய காந்தம்: மேடம், இடிக்கிறதே. பிணைப்பு ஆற்றல் எப்போதும் நிறையைக் குறைக்கத்தானே செய்யும்? ஹைட்ரஜன் அணு, எலக்ட்ரானையும் புரோட்டானையும் தனித்தனியாகக் கூட்டினால் வருவதைவிட 13.6 இ.வி. குறைவு. ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த டியூட்ரான் 2.2 எம்.இ.வி. குறைவு. புரோட்டானில் மட்டும் எப்படி நூறு மடங்கு கூடும்?

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் சொன்ன கணக்கு எல்லாம் சரி. ஆனால் அதற்கு ஓர் ஒப்பீடு வேண்டும்: பிரித்துவைத்த பகுதிகளின் நிறை. ஹைட்ரஜனைப் பிரிக்கலாம். புரோட்டானைப் பிரித்துத் தனிக் குவார்க்கை எடுத்து மேஜையில் வைக்க முடியாது. இழுக்க இழுக்க ஆற்றல் ஏறும், கடைசியில் புதுக் குவார்க், எதிர்க்குவார்க் (குவார்க்கின் எதிர்த்துகள்) ஜோடி பிறக்கும். ஆகவே புரோட்டானுக்குப் ‘பிணைப்பு ஆற்றல்’ என்ற சொல்லே பொருந்தாது. வெகுஜனக் கட்டுரைகள் அந்தச் சொல்லைப் போட்டுக் குழப்பிவைத்திருக்கின்றன.

நிறை எங்கிருந்து? குவார்க்கை ஒரு ஃபெர்மி (புரோட்டான் அளவிலான நீளம்) அகல இடத்தில் அடைத்துப் பாருங்கள். நிச்சயமின்மை விதிப்படி (இடம் குறுகினால் உந்தம் கூடும்) உந்தம் சுமார் 200 எம்.இ.வி. அளவுக்கு ஏறிவிடும். மூன்று குவார்க்குக்கும் சேர்த்தாலே சில நூறு. அதோடு குளுவான் புலத்தின், அதாவது வலுவிசையைச் சுமக்கும் புலத்தின், ஆற்றல். இது கைக்கணக்குத்தான், உண்மையான கணக்கு வெளிகாலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணினியில் போடுவது. லாட்டிஸ் என்போம். 2008-இல் அந்த வழியில் புரோட்டான் உட்படப் பல துகள்களின் நிறை சில சதவீதத் துல்லியத்துக்குள் கிடைத்தது.

கருங்குழி: கருந்துளைக்குள் என்ன இருக்கிறது சார்?

மேடம். பொதுச் சார்பியல் தெரிந்தவரைக் கேளுங்கள்.

மின்மினி: அப்படியானால் ஹிக்ஸ் இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாதா?

எல்லாமே கெட்டுவிடும். அணுவின் அகலம் எலக்ட்ரான் நிறைக்குத் தலைகீழ் விகிதம். அந்த நிறை பூஜ்யமானால் அணுவே உருவாகாது. டவுன் குவார்க் அப்பைவிடக் கொஞ்சம் கனம். அதனால்தான் நியூட்ரான் புரோட்டானைவிட 1.29 எம்.இ.வி. கூடுதல். இரண்டும் ஒரே நிறையாக இருந்தால், மின்னேற்றத்தின் ஆற்றலால் புரோட்டான்தான் கனமாகியிருக்கும். அப்போது புரோட்டான் நிலைத்திருக்காது.

தனிவழி: ஐன்ஸ்டீனும் குவாண்டமும் தவறு என்று 40 பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பார்ப்பீர்களா?

எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன் (அது எவ்வளவு வலுவான சிறு காந்தம் என்பதன் அளவு), இயற்பியலாளர் டிராக்கின் சமன்பாடு சொன்னதைவிட 0.00116 பங்கு கூடுதல். இயற்பியலாளர் ஷ்விங்கர் 1948-இல் கணக்குப் போட்டு எடுத்தது. இன்று அதற்குப் பின்னால் பல தசமத்தானங்கள் வரை கோட்பாடும் அளவீடும் பொருந்துகின்றன. உங்கள் 40 பக்கத்தில் இந்த எண் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று சொல்லுங்கள், அந்தப் பக்கத்தைப் படிக்கிறேன்.

பள்ளி இறுதி மாணவி: கோட்பாட்டுத் துகள் இயற்பியல் படிக்க இப்போதே என்ன செய்ய வேண்டும் மேடம்?

கணக்கு, அம்மா. நுண்கணிதம், பிறகு நேரியல் இயற்கணிதம். எந்தத் துகளின் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். வீடியோ பார்த்துப் புரிந்தது என்று தோன்றினால், வீடியோவை மூடிவைத்துவிட்டுத் தாளில் தனியாகப் போட்டுப் பார்.

வால்மீனின் நண்பர்: கடவுள் துகள் பற்றி…

மேலே பார்க்கவும்.

அகல்: எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான மியூவானின் காந்தத் திருப்புத்திறனில் புது விசை தெரிகிறதாமே?

2021-இல் அளவீடு கோட்பாட்டோடு ஒத்துப்போகவில்லை என்று அப்படித்தான் கொண்டாடினார்கள். 2025-இல் அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகம் இறுதி அளவீட்டைத் தந்தது. எண் பெரிதாக மாறவில்லை. நகர்ந்தது கோட்பாட்டின் பக்கம்: லாட்டிஸ் கணக்கை எடுத்துக்கொண்டதும் இடைவெளி கரைந்துவிட்டது. பழைய வழிக் கணக்கு ஏன் ஒத்துப்போகவில்லை என்பதுதான் இப்போதைய வழக்கு. இதேபோல், 2015 டிசம்பரில் துகள் மோதல் தரவில் 750 ஜி.இ.வி.-யில் ஒரு மேடு (புதுத் துகளின் அறிகுறி) தெரிந்ததாக நூற்றுக்கணக்கில் ஆய்வுத்தாள் எழுதினார்கள். அடுத்த ஆகஸ்டில் மேடும் இல்லை, ஒன்றும் இல்லை. செய்தி வந்தவுடன் குதிக்காதீர்கள்.

பழைய காந்தம்: மேடம், விடமாட்டேன். 2018-இல் வந்த லாட்டிஸ் கணக்கில் குவார்க் நிறையின் பங்கு சுமார் 9 சதவீதம் என்று இருக்கிறது. நீங்கள் 1 என்கிறீர்கள். எது?

மாட்டிக்கொண்டேன். நான் கூட்டியது மூன்று குவார்க்கை மட்டும். புரோட்டானுக்குள் குவார்க், எதிர்க்குவார்க் ஜோடிகள் தோன்றி மறைகின்றன; அவற்றில் ஸ்ட்ரேஞ்ச் என்ற வகைக் குவார்க்கும் உண்டு, அது டவுனைவிட ஏறக்குறைய இருபது மடங்கு கனம். சரியான கேள்வி, ‘குவார்க் நிறையைச் சற்றே மாற்றினால் புரோட்டான் நிறை எவ்வளவு மாறும்’ என்பது. அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச் மூன்றுக்கும் அப்படிக் கணக்கிட்டால் நீங்கள் சொன்ன 9 வரும். பெரும்பகுதி வலுவிசையிலிருந்து என்பதில் மாற்றமில்லை.

மின்மினிக்கு எழுதிய பதிலில் ‘அவ்வளவுதான்’ என்பதை அடித்துவிடுகிறேன்.