கேட்டட் கம்யூனிட்டியில் வீடு வாங்கலாமா, தனி வீடே நல்லதா?

சுற்றுச்சுவரும் செக்யூரிட்டியும் உள்ள வளாகத்தில் வாங்குவதா, தனி வீடாக வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டில் சின்னக் குழந்தை ஒன்றும் பெரியவர் ஒருவரும் இருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை), நாவலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே ஒரு வளாகத்தில், எட்டாவது மாடியில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். அதற்கு முன் நங்கநல்லூரில் வாடகைக்குத் தனி வீடு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். பையன் ஆறு வயதிலிருந்தே தனியாகக் கீழே போய் இருட்டும்வரை விளையாடினான். தெருவில் விட்டிருந்தால் எனக்கு உயிர் போயிருக்கும். 2018இல் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன், பத்து நிமிஷத்தில் நாலு பேர் வந்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை செக்யூரிட்டி லிஃப்டைப் பிடித்து வைத்திருந்தார். நங்கநல்லூரில் மனிதர்களே இல்லையா என்று சண்டைக்கு வராதீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இனி என் வயிற்றெரிச்சல்.

ஊரிலிருந்து சித்தப்பா, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். எங்கள் பக்கம் நெருங்கிய சொந்தத்துக்கு நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்தால்தான் அழைத்த மாதிரி. முன்கூட்டிச் சொல்லாமல் வந்துவிட்டார். அவர் என்றைக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்? கேட்டில் 'டவர் எது, ஃப்ளாட் எது' என்று கேட்டிருக்கிறார்கள். 'மேல, எட்டாவது மாடி' என்றிருக்கிறார். நாலு டவரிலும் எட்டாவது மாடி உண்டு. என் பெயரை வைத்து ஃப்ளாட் எண்ணைக் கண்டுபிடித்து, யார் வந்தாலும் போனில் கேட்கும் ஆப்பில் என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். நான் ஆபீஸ் மீட்டிங்குக்காக போனை சைலன்ட்டில் போட்டு வைத்திருந்தேன். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு, பையை செக்யூரிட்டி கேபினில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால், கூரியர் பார்சல்களுக்கு நடுவே மஞ்சள் பை. உள்ளே முருங்கைக்காய், இரண்டு தேங்காய், ஒரு பாட்டில் மாவடு, பத்திரிகை. பத்திரிகை மூலையில் தடவியிருந்த மஞ்சள் மேலேயே மார்க்கர் பேனாவால் 'பி 804' என்று எழுதியிருந்தார்கள்.

கேட்டில் நின்ற அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அசாமிலிருந்து வந்தவன், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். யாரையாவது கேட்காமல் உள்ளே விட்டால் அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 'ஆப்பில் அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது' என்ற விதிக்குக் கை தூக்கிய கமிட்டியில் நானும் இருந்தேன். ஒரு சைக்கிள் காணாமல் போனதால் வந்த விதி அது. சைக்கிள் கடைசியில் சி டவர் மொட்டை மாடியில் கிடைத்தது.

கல்யாணத்துக்குப் போனேன். மண்டப வாசலிலேயே சித்தப்பா, "பத்திரிகை வாட்ச்மேனுக்குல்ல வச்சேன், அவர் வரலையா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

சித்தப்பாவுக்காவது ஒருநாள். வேலைக்கு வரும் அக்காவுக்குத் தினமும் வெளியே போகும்போது பை சோதனை. நான் கொடுத்த பழைய புடவையை அவர் எடுத்துப் போக, நான் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பாதுகாப்பு என்கிறார்கள்.

பண விஷயம். எங்களுக்குப் பராமரிப்பு சதுர அடிக்கு 4 ரூபாய், 1,250 சதுர அடிக்கு மாதம் 5,000. உங்களுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால், குடியிருப்போர் சங்கத்தின் வருஷ வரவும் 20 லட்சத்துக்கு மேல் இருந்தால், 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. மின்சாரத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2022 செப்டம்பரில் லிஃப்ட், மோட்டார், வராந்தா விளக்கு போன்ற பொது இணைப்புகளுக்குத் தனிக் கட்டணம் கொண்டுவந்தார்கள், யூனிட் 8 ரூபாய். அடுத்த வருஷம் குறைத்தார்களே என்பீர்கள். பத்து வீட்டுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்குத்தான் குறைத்தார்கள். முட்டி வலிக்கிற மாமியாரை எட்டு மாடி ஏறச் சொல்வதா? லிஃப்ட் ஆடம்பரமாம்! சரி, கேள்விக்கு வருகிறேன்.

தண்ணீர். 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். எங்களுக்கு அப்போது மெட்ரோ தண்ணீர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாயே கிடையாது, முழுக்கத் தனியார் லாரிதான். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று வால்வைத் திறந்து மூடும் பொறுப்பு மூன்று மாதம் என்னிடம் இருந்தது. ஐந்து நிமிஷம் முன்னால் மூடினதற்காக, பொங்கலுக்கு எனக்குக் கரும்பு கொடுத்த மனுஷரே வாட்ஸ்அப் குழுவில் என்னை 'சர்வாதிகாரி' என்று எழுதினார். அதே குழுவில்தான் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காய்ச்சல் மருந்து கேட்டாலும் கிடைக்கிறது.

வாங்குங்கள், வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கப் போகாதீர்கள், அன்றைக்கு நீரூற்றெல்லாம் ஓடும். வார நாளில் விடியற்காலையில் போய், கேட்டுக்கு வெளியே எத்தனை தண்ணீர் லாரி நிற்கிறது என்று எண்ணுங்கள். பில்டர் காட்டும் பூங்கா உங்களுடையதுதானா என்று ஆவணத்தில் பாருங்கள். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய இடமென்றால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும், அதையே 'நம்ம பார்க்' என்று காட்டி விற்பவர்கள் உண்டு. அப்புறம், குடி போன அன்றைக்கே ஊரிலிருக்கும் பெரியவர்கள் பெயரை ஆப்பில் நிரந்தர விருந்தினராகப் போட்டுவிடுங்கள். நான் போட்டிருக்கிறேன். சித்தப்பா அதற்கப்புறம் வரவில்லை.