கீமோ முடிந்தபின் காணாக்கடி: நோய் திரும்பிவிட்டதா?

கேள்வி: வயது 52. மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ, கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதமாகிறது. லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று முறை உடம்பெல்லாம் காணாக்கடி வந்தது. கடைசி முறை மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போட்டேன்; அரை மணி நேரத்தில் உதடு வீங்கி, குரலும் கம்மிவிட்டது. கீமோவின்போது தந்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மீதமிருந்தது, அதைப் போட்டுச் சமாளித்தேன். முடி சுருண்டு வளர்கிறது, நகம் கருத்திருக்கிறது. நோய் திரும்பினால் இப்படி வரும் என்று இணையத்தில் படித்தேன். அலர்ஜி ரத்தப் பரிசோதனை முழுவதும் எடுக்கலாமா?

பதில்: விட்டுவிட்டு வந்து மறையும் காணாக்கடி, மார்பகப் புற்றுநோய் திரும்பியதற்கான அறிகுறி அல்ல. முடியும் நகமும் கீமோவின் மிச்சம்; வளர வளர மாறிவிடும். இணையத்தில் தேடுவதை நிறுத்துங்கள்.

நான் கவலைப்படுவது நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்துக்கு: குரல் கம்மியது. வீக்கம் தொண்டைக்குள் இறங்கியிருக்கிறது. குரல் மாற்றம், விழுங்கச் சிரமம், மூச்சிரைப்பு, தலைசுற்றல் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். தேவைப்படுவது அட்ரினலின் ஊசி. பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில்; அடங்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. டெக்ஸாமெத்தசோன் வேலை செய்ய மணிக்கணக்காகும். அன்று நீங்கள் பிழைத்தது அந்த மாத்திரையால் அல்ல. வீக்கம் தானாக வடிந்ததால். மிச்ச மாத்திரைகளை இன்றே அப்புறப்படுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காலை உயர்த்திப் படுங்கள், மூச்சுத் திணறினால் உட்காருங்கள். எழுந்து நடக்கவே கூடாது. சரியானபின்னும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும், வீக்கம் மீண்டும் வரலாம்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. லெட்ரோசோல் மூட்டுவலி தரும், வலிக்கு டைக்ளோஃபினாக், அதற்கு இந்த வீக்கம். முந்தைய இரண்டு முறையும் சில மணி நேரம் முன்பு என்ன விழுங்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபினாக், நாப்ராக்ஸென், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்கு வந்தால் மற்றதற்கும் வரலாம், ஆகவே இவை எதுவும் இப்போதைக்கு வேண்டாம். கூட்டு மாத்திரைகளிலும் ஒளிந்திருக்கும், மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலானோருக்குப் பாராசிட்டமால் ஒத்துக்கொள்ளும். ஆனால் உங்களுக்கு இப்படி வீக்கம் வந்திருப்பதால், அதன் முதல் மாத்திரையையும் மருத்துவரைக் கேட்டே போடுங்கள்.

வலிமாத்திரை ஒவ்வாமை ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரியாது. முழுப் பட்டியலும் எடுத்தால், சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பொருளுக்கெல்லாம் 'பாசிட்டிவ்' வந்து, காரணமில்லாமல் பத்தியம் இருப்பீர்கள். ஒவ்வாமை நிபுணரைப் பாருங்கள். போகும்போது ரத்த அழுத்த மாத்திரை உட்பட எல்லாப் பட்டைகளையும் கொண்டுபோங்கள். சில அழுத்த மாத்திரைகளும் உதட்டை வீங்க வைக்கும்.

லெட்ரோசோலை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டுவலியைப் புற்றுநோய் மருத்துவரிடம் சொன்னால், அதே வகையில் வேறு மாத்திரை மாற்றித் தரக்கூடும்.