பாதிப் பாட்டு கிடக்கும்போது விண்டோஸை மாற்றலாமா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஏழு வருடமாக வீட்டில் ஒரே டெஸ்க்டாப்பில்தான் ரெக்கார்டிங் செய்கிறேன். இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ7, விண்டோஸ் 10, கியூபேஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருள், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், காசு கொடுத்து வாங்கிய பத்துப் பதினைந்து பிளகின்கள் (கியூபேஸுக்குள் ஓடும் எஃபெக்ட், சின்த் மென்பொருள்கள்). விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது என்கிறார்கள். கணினி சரிசெய்பவரைக் கேட்டால், 'இந்த மெஷினில் 11 நேராக ஏறாது, ஃபார்மட் அடித்து வேறு வழியில் ஏற்றுகிறேன், கீயும் நானே தருகிறேன்' என்கிறார். ஒரு பாட்டு பாதியில் நிற்கிறது. எல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது."

முதலில், அவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள். அவர் சொன்ன மூன்றுமே உங்களுக்குத் தேவையில்லாதவை.

எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இருக்கிறது. "ஏறாது" என்று திரையில் வந்தால் அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி உங்கள் போர்டிலேயே இருக்கும், ஆனால் பயாஸில் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் போர்டின் செட்டிங் திரையில்) அணைந்து கிடக்கும். இன்டெல் போர்டுகளில் அதன் பெயர் பிடிடி. பயாஸுக்குள் போய் அதை எனேபிள் செய்துவிட்டு, மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் சொல்லாமல் "வேறு வழியில் ஏற்றுகிறேன்" என்பவர்கள் செய்வது அந்தப் பரிசோதனையையே ஏமாற்றித் தாண்டுவது. அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அப்டேட் வேண்டும் என்றுதானே மாறவே நினைத்தீர்கள்?

அப்புறம் அந்த கீ. முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறுவது இலவசம். உரிமம் உங்கள் மதர்போர்டோடு பதிவாகியிருக்கிறது, அதே எடிஷனை ஏற்றினால் தானே ஆக்டிவேட் ஆகும். இருக்கிற உரிமத்தை உங்களுக்கே மறுபடி விற்கிறார்கள். பல சமயம் ஏதோ நிறுவனத்துக்குக் கொடுத்த மொத்த உரிமத்தின் கீயைப் பிரித்து விற்கிறார்கள், ஆறு மாதம் கழித்து "ஆக்டிவேட் செய்யவும்" என்று வரும்போது அவர் போனை எடுக்க மாட்டார். கூடவே "பிளகின் எல்லாம் போட்டுத் தருகிறேன்" என்று கிராக் செய்த தொகுப்பு ஒன்றை ஏற்றிவிட்டுப் போவார்கள். "டிரைவர் அப்டேட்டர்" என்ற பெயரில் வருகிற புரோகிராம்களையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இன்டர்ஃபேஸ் டிரைவர் அதைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும்தான் வர வேண்டும், வேறு எங்கிருந்தும் வேண்டாம். இத்தனை வருடமாக இதே புலம்பலைக் கேட்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை, ஒரு தேதி வந்துவிட்டது என்பதற்காக எல்லோரும் அவசர அவசரமாக மாற்ற வேண்டியிருக்கிறது, அந்த அவசரத்தில்தான் இந்த வியாபாரமெல்லாம் நடக்கிறது.

தேதியைப் பற்றி: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் வரை என்று அறிவித்தார்கள். ஆதரவு முடிந்ததால் கணினி நின்றுபோகாது, கியூபேஸும் நிற்காது.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. உங்கள் ஸ்டுடியோ கணினி இணையத்தையே தொடாது என்றால் நீங்கள் மாறவே தேவையில்லை. ஆனால் "தொடாது" என்றால் உண்மையிலேயே தொடாது. கேபிள் பிடுங்கி, வைஃபை அணைத்து, மெயில் பார்க்க, ரெஃபரன்ஸ் டிராக் இறக்க என்று ஒருபோதும் திறக்காத கணினி. பாடகர் கொண்டுவரும் பென்டிரைவை நேரே இதில் செருகாமல் வேறு கணினியில் சோதித்து எடுத்துவருகிற ஒழுக்கமும் வேண்டும். மாதச் சந்தா பிளகின்கள் அவ்வப்போது இணையத்தில் உரிமத்தைச் சரிபார்க்கும், ஐலாக் என்ற பிளகின் உரிம முறையில் கிளவுடில் உரிமம் வைத்திருந்தால் வேலை செய்யும்போதெல்லாம் இணைப்பு வேண்டும், அதனால் இப்படி வாழ நினைப்பவர் உரிமங்களை ஐலாக் யுஎஸ்பி கீயிலோ கணினியிலோ முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் முடியும் என்றால் இந்தக் கணினி இன்னும் பல வருடம் அப்படியே ஓடும். "எப்போதாவது மட்டும் இணைப்பேன்" என்றால் இந்த விதிவிலக்கு உங்களுக்கு இல்லை.

சரி, மாறுவது என்று முடிவு செய்தால், பழைய டிஸ்கின் மேல் கை வைக்காதீர்கள். நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். அதே அளவோ பெரிதோ ஆன ஒரு புது எஸ்எஸ்டி வாங்கி, குளோன்ஜில்லா மாதிரி இலவச மென்பொருளால் பழைய டிஸ்கை அப்படியே குளோன் செய்யுங்கள். எது மூலம், எது நகல் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு அழுத்துங்கள், மாற்றிக் கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும். பிறகு பழையதைக் கழற்றி உறையில் போட்டு வைத்துவிட்டு, குளோனை மட்டும் மாட்டி, அதன் மேல் 11-ஐ அப்கிரேட் செய்யுங்கள். ஃபார்மட் இல்லை, பிளகின்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், சாம்பிள் லைப்ரரியின் பாதைகளும் மாறாது. ஏதாவது சொதப்பினால் பழைய டிஸ்கை மாட்டினால் நேற்றைய ஸ்டுடியோ திரும்பி வந்துவிடும். விண்டோஸே பழையதற்குத் திரும்ப பத்து நாள் அவகாசம் தருகிறது, அதை நம்பிப் பாட்டைப் பணயம் வைக்காதீர்கள்.

குளோன் செய்வதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று, கணினியோடு பிணைந்த பிளகின் உரிமங்களை டிஆக்டிவேட் செய்யுங்கள். சில பிளகின்கள் டிஸ்க் மாறினாலே வேறு கணினி என்று நினைத்து ஒரு ஆக்டிவேஷனைத் தின்றுவிடும், அதைத் திரும்ப வாங்க நிறுவனத்துக்கு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டு, ஆனால் டிஆக்டிவேட் செய்வதற்கு முன்பே, பாதிப் பாட்டின் ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் ஆரம்பப் புள்ளியிலிருந்தே வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள், எஃபெக்ட் இல்லாமல் ஒன்று, எஃபெக்ட்டோடு ஒன்று. கீபோர்டு வாசித்ததை மிடி கோப்பாகவும் (எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பு மட்டும் இருக்கும் கோப்பு), டெம்போவை ஒரு தாளிலும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிளகின் திறக்க மறுத்தாலும் அந்த வேவ் கோப்பு எந்த மென்பொருளிலும் திறக்கும்.

கியூபேஸை அதே நாளில் புதுப் பதிப்புக்கு மாற்றாதீர்கள். விண்டோஸ் 11-இல் 32 பிட் (பழைய வகை) பிளகின் ஓடாது என்று பரவலாகச் சொல்கிறார்கள், அது தவறு. 32 பிட்டை அடியோடு வெட்டியது மேக், 2019-இல் கேட்டலினாவோடு. கியூபேஸ் தன் பங்குக்கு 9-ஆம் பதிப்பில் வெட்டியது. உங்கள் பழைய 32 பிட் சின்த் காணாமல் போனால் பழி விண்டோஸ் மேல் விழும், காரணம் கியூபேஸாக இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது கெடுத்தது என்று தெரியும்.

ஏறி முடிந்ததும் இன்டர்ஃபேஸின் ஏசியோ டிரைவரை (கியூபேஸும் இன்டர்ஃபேஸும் தாமதம் குறைவாகப் பேசிக்கொள்ள உதவும் டிரைவர்) மறுபடி நிறுவுங்கள். விண்டோஸ் 11 டிரைவரை ஏற்காமல் முரண்டு பிடித்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற இடத்தைப் பாருங்கள், ஒத்துவராத டிரைவரின் பெயரை அங்கேயே காட்டும். தயாரிப்பாளரிடம் புது டிரைவர் இருக்கிறதா என்பதை, எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது, அது இல்லையென்றால் மாறுவதைத் தள்ளிப்போடுங்கள்.

பிறகு அந்தப் பாதிப் பாட்டைத் திறந்து, பஃபரை (ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்துக் கையாள்வது என்ற கியூபேஸ் செட்டிங்) 128 சாம்பிளில் வைத்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். 'டிக், டிக்' என்று வெடித்தால் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓட்டுங்கள், எந்த டிரைவர் நேரத்தைத் தின்கிறது என்று காட்டும். பல சமயம் அது வைஃபை டிரைவராக இருக்கும், ரெக்கார்டிங் நேரத்தில் வைஃபையை அணைத்துப் பாருங்கள். யுஎஸ்பிக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் செட்டிங்கையும் நிறுத்திவிடுங்கள்.

உறையில் இருக்கிற பழைய டிஸ்கை, இந்தப் பாட்டை மாஸ்டர் செய்து கொடுத்து முடிக்கும் வரை எதற்காகவும் ஃபார்மட் செய்யாதீர்கள்.